புது ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

புது ஊருக்குக் குடிபோகிறவர்கள் முதல் மாதம் முழுக்க எதையாவது தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்: வீடு, வங்கிக் கணக்கு, இணைய இணைப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி, வேலைக்குப் போக எந்தப் பேருந்து என்று. ராத்திரி இரண்டு மணிக்கு நிலைமை கைமீறிப் போனால் யாருக்குப் போன் போடுவது என்று மட்டும் யாரும் தேடுவதில்லை. இதை அசட்டை என்று சொல்ல மாட்டேன். பழைய ஊரில் அதைத் தேடவேண்டிய தேவையே வந்திருக்காது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஒரு டாக்டரைத் தெரியும், அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு வக்கீலைத் தெரியும், அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண் எங்கே போய்த் தங்கினாள் என்று தெருவில் யாருக்காவது தெரிந்திருக்கும். இந்தத் தகவலெல்லாம் ஆட்களிடம் இருந்தது. ஊர் மாறும்போது அந்த ஆட்கள் கூட வருவதில்லை, தகவலும் அவர்களோடு அங்கேயே தங்கிவிடுகிறது.

அதனால்தான் பெரிய நகரத்துக்குப் புதிதாக வந்தவருக்கு இங்கே உதவி என்று ஒன்றே இல்லாததுபோலத் தோன்றுகிறது. இருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு நிபந்தனையோடு, பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. எனவே அமைதியாக இருக்கும் நாட்களில் புதிதாக வந்தவர் முதலில் கண்டுபிடித்து வைக்கவேண்டியது, மற்ற எல்லா இடங்களுக்கும் வழி சொல்லத் தெரிந்த ஒரே ஒரு இடத்தை. அதற்கு முன்னால், எது எதற்கு என்ற குழப்பம் ஒன்று இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொள்வோம்.

உதவி எண் என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வேறு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது அவசர எண். 1937 இல் லண்டனில் 999, 1968 இல் அமெரிக்காவில் 911, பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112, இந்தியாவிலும் இப்போது 112. இதன் வேலை ஒரு வண்டியை உங்கள் வாசலுக்கு அனுப்புவது: ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ். எனவே அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். புது ஊர்க்காரர் தடுமாறும் இடமும் அதுதான். தெருப் பெயர் வாயில் வராது, எந்தப் பிளாக், எந்த வாசல், எத்தனையாவது மாடி எல்லாம் பதற்றத்தில் மறந்துபோகும். போன் இருக்கும் இடத்தை அவர்களால் ஓரளவு பார்க்க முடிகிறது என்பது உண்மை, ஆனால் அது கட்டடத்தைக் காட்டினாலும் நீங்கள் இருக்கும் கதவைக் காட்டும் என்று நம்பி இருக்க முடியாது. முழு விலாசத்தையும், உரக்கப் படித்தால் புரிகிற மாதிரி எழுதி, வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். வீட்டில் குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் அவர்கள் கண் மட்டத்தில்.

இரண்டாவது, மன நெருக்கடிக்கான ஹெல்ப்லைன். இதன் வேலை வண்டி அனுப்புவது இல்லை, ஒரு மனிதர் பேசுவார். மூன்றாவது மெதுவான உதவிகள்: வாடகை பாக்கி, சட்ட ஆலோசனை, தங்குமிடம், தொடர் கவுன்சிலிங், குழந்தைப் பராமரிப்பு. இதில் அலுவலக நேரம் உண்டு, படிவம் உண்டு, காத்திருப்புப் பட்டியல் உண்டு. முதல் வகையைக் கூப்பிடவேண்டிய நேரத்தில் கூச்சப்பட்டு மூன்றாவது வகை அலுவலகம் திறக்கும்வரை காத்திருப்பதும், இரண்டாவது வகையிடம் வாடகைப் பணம் கேட்டு ஏமாந்து "இதெல்லாம் சும்மா" என்று போனை வைப்பதும் புதிதாக வந்தவர்களுக்குச் சுலபமாக நேர்கிறவை.

மன நெருக்கடி ஹெல்ப்லைன் எதற்காக இருக்கிறது என்று புரிய அது பிறந்த கதையைப் பார்த்தால் போதும். 1935 இல் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு 14 வயதுப் பெண்ணுக்கு இறுதிச் சடங்கு செய்யவேண்டி வந்தது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒரு சந்தேகத்தோடு, தனக்கு ஏதோ கேவலமான நோய் வந்துவிட்டது என்று தவறாக எண்ணி உயிரை விட்ட பெண். அவளுக்கு வந்திருந்தது சாதாரண மாதவிடாய். 1953 நவம்பரில் லண்டனில் தன் தேவாலயத்திலிருந்தே ஒரு தொலைபேசி எண்ணை வைத்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் கூப்பிடலாம் என்று வாரா அறிவித்தார். ஆலோசனை சொல்வது தன் வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். வந்தவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் அவர்களோடு பேசிக்கொண்டு தேநீர் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் கவனித்தது: காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் பேசி முடித்ததும் பாரம் இறங்கி, இவரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டே போன் எடுக்கும் வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் உருவானது. 1986 இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகாவும் தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கும் இதே வழியில் நடப்பதுதான்.

ஆக, அங்கே போனை எடுப்பவர் உங்கள் பிரச்சினையைத் தீர்த்துவைக்கப் போவதில்லை. தீர்வு வரும்வரை நீங்கள் தாங்கியிருக்க உதவுவார். இது தெரிந்து கூப்பிட்டால் ஏமாற்றம் கிடையாது. சாகும் எண்ணம் வந்தால்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அதற்கு முந்தைய கட்டத்தில் தனியாகத் தவிப்பவர்கள் நிறைய பேர். தூக்கம் இல்லை, பேச ஆள் இல்லை, வந்திருக்கவே கூடாது என்று தோன்றுகிறது என்றால் அதுவே போதுமான காரணம். போன் போட்டால் போலீஸ் வந்துவிடுமோ, அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ, விசாவில் ஏதாவது ஏறிவிடுமோ என்ற பயமும் உண்டு, அது நியாயமான பயம்தான். ரகசியக் காப்பு விதி அமைப்புக்கு அமைப்பு மாறும்: உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர சேவையைக் கூப்பிடுவோம் என்று சில இடங்கள் சொல்லும், உங்கள் சம்மதம் இல்லாமல் கூப்பிட மாட்டோம் என்று சில இடங்கள் சொல்லும், பேசுவது சிறுவர் என்றால் விதி வேறாக இருக்கலாம். பெயர் சொல்வதற்கு முன்பே "நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் மற்றவர்களிடம் சொல்வீர்கள்?" என்று கேட்கலாம். அதைக் கேட்பதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

புதிதாக வந்தவர்களுக்கென்றே ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. அமெரிக்காவில் 2022 ஜூலையில் மன நெருக்கடிக்கென்று 988 என்ற மூன்றிலக்க எண் வந்தது. பெரிய முன்னேற்றம்தான், முன்பு இருந்த பத்திலக்க எண்ணை அந்த நேரத்தில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆனால் கூப்பிடுபவரை எந்த மையத்துக்கு அனுப்புவது என்பதை அவருடைய போன் எண்ணின் பகுதிக் குறியீட்டை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். ஊர் மாறினாலும் பழைய எண்ணையே வைத்திருப்பவர் புது ஊரிலிருந்து கூப்பிட்டால், பல நூறு மைல் தள்ளி அவர் விட்டுவந்த ஊரின் மையம் எடுக்கும். பேசுவதற்கு அது போதும், ஆனால் "பக்கத்தில் எங்கே போகலாம்?" என்று கேட்டால் அவர்களுக்கு என்ன தெரியும்? 2024 இல்தான் கூப்பிடுபவர் இருக்கும் இடத்தை உத்தேசமாக வைத்து அழைப்பை அனுப்பும் விதி அங்கே வந்தது. எந்த நாட்டில் எந்த ஹெல்ப்லைனைக் கூப்பிட்டாலும், தொடக்கத்திலேயே "என் எண் வேறு ஊருடையது, இப்போது இருப்பது இந்த ஊரில்" என்று சொல்லிவிடுவது நல்லது.

சரி, அந்த வழி சொல்லும் இடம் எது? ஊருக்கு ஊர் வேறு வடிவம். பிரிட்டனில் 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய சில நாட்களிலேயே, 200 குடிமக்கள் ஆலோசனை மையங்கள் திறந்தார்கள். ரேஷன் புத்தகம் தொலைந்தது, வீடு போயிற்று, வெளியூருக்கு அனுப்பப்பட்ட உறவினரைக் காணோம், கடன் கழுத்தை நெரிக்கிறது என்று எதற்கும் அங்கே போகலாம் என்ற ஏற்பாடு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் 1997 இல் அட்லாண்டாவில் 211 என்ற எண் தொடங்கியது, 2000 இல் தொலைத்தொடர்பு ஆணையம் அதை நாடு முழுவதற்கும் ஒதுக்கியது, கனடாவிலும் அதே எண் வந்தது. அங்கே எடுப்பவர் முன்னால் உள்ளூர் சேவைகளின் பெரிய தரவுத்தளம் ஒன்று திறந்திருக்கும். உங்கள் பகுதி, வீட்டில் எத்தனை பேர், என்ன தேவை என்று கேட்டுவிட்டு, பொருந்தக்கூடிய சில இடங்களைச் சொல்வார்.

இந்தியாவில் இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் என்று சொல்வது கஷ்டம், தேவைக்கேற்ப வாசல்கள் பிரிந்திருக்கின்றன. மனநலத்துக்கு 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ், எண் 14416, இருபது மொழிகளில் பேசலாம் என்பதால் மொழி தெரியாத ஊரில் இருப்பவர்களுக்கு ரொம்பப் பிரயோஜனம். குழந்தைகளுக்கு 1996 இல் மும்பையில் தொடங்கிய 1098. பெண்களுக்கு 181, கூடவே சகி என்ற பெயரில் நடக்கும் ஒன் ஸ்டாப் சென்டர்கள், அங்கே மருத்துவம், சட்டம், போலீஸ் உதவி, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது ஏற்பாடு. என் பார்வையில் ரொம்பக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், சொந்த ஊர் எது என்பது அங்கே பிரச்சினை ஆகாது.

இதெல்லாம் இல்லாத ஊரில் பொது நூலகம் நல்ல தொடக்கம். சான் பிரான்சிஸ்கோ நூலகம் 2009 இல் முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரையே வேலைக்கு எடுத்தது, பிறகு வேறு பல ஊர் நூலகங்களும் அதைப் பின்பற்றின. நூலகத்துக்குள் போக பெரும்பாலும் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. பல அரசு மருத்துவமனைகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள், டாக்டருக்குத் தெரியாத பல விஷயம் அவர்களுக்குத் தெரியும், கேட்டால்தான் வருவார்கள்.

இணையத்தில் தேடி எடுக்கும் பட்டியலை நம்புவதில் இரண்டு ஆபத்து. ஒன்று, அது பழசாகிப் போயிருக்கும். நிதி நின்றதும் தொண்டு நிறுவனம் மூடிவிடும், ஆனால் அதன் பக்கம் அழியாமல் அப்படியே நிற்கும். இரண்டாவது மோசம்: போலி எண்கள். தேடல் முடிவிலேயே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைக்கிறார்கள். நெருக்கடி ஹெல்ப்லைன் எதுவும் ஓடிபி கேட்காது, வங்கி விவரம் கேட்காது, ஒரு செயலியை இறக்கித் திரையைப் பகிரச் சொல்லாது. கேட்டால் வைத்துவிடுங்கள். எண்ணை அந்த அமைப்பின் சொந்தத் தளத்திலோ அரசுத் தளத்திலோ இன்னொரு முறை சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இதற்கு நேர்மாறாக, தேடினாலும் கிடைக்கக்கூடாத இடமும் ஒன்று உண்டு. 1971 இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கான தங்குமிடம் ஒன்று திறந்தது, இன்றைய பெண்கள் காப்பகங்களுக்கு அதுவே முன்னோடி. இப்படிப்பட்ட பல காப்பகங்களின் விலாசத்தை வேண்டுமென்றே மறைத்து வைப்பார்கள், துரத்திக்கொண்டு வருபவர் மேப்பைப் பார்த்து வந்துவிடக் கூடாது என்பதற்காக. எனவே மேப்பில் எதுவும் காட்டவில்லை என்பதை வைத்து இந்த ஊரில் காப்பகமே இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். ஹெல்ப்லைன் வழியாகத்தான் வழி திறக்கும். அப்படிப்பட்ட சூழலில் இருப்பவர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும்: குடும்பத்தின் பொதுவான போன் திட்டத்தில் அழைப்புப் பட்டியல் யார் கண்ணில் படும், போனில் இருப்பிடப் பகிர்வு போட்டிருக்கிறதா. சந்தேகம் இருந்தால் வேறொருவர் போன், வேலை செய்யும் இடத்துப் போன், நூலகக் கணினி.

மொழி விஷயத்துக்கு வருவோம். ஒரு மருத்துவமனை வரவேற்பு மேசையைக் கற்பனை செய்யுங்கள். கையில் காயத்தோடு ஒரு பெண், அந்த ஊர் மொழி தெரியாது. பக்கத்தில் கணவர், அவருக்குத் தெரியும். "எப்படி அடிபட்டது?" என்று நர்ஸ் கேட்கிறார், கணவர் பதில் சொல்கிறார், அந்தப் பெண் தலையாட்டுகிறாள். அந்த அறையில் அவள் தரப்பைச் சொல்ல யாருமே இல்லை. குடும்பத்தாரை மொழிபெயர்க்க விடக்கூடாது என்று பல மருத்துவமனைகளில் வழிமுறை வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். பத்து வயது மகனோ மகளோ அம்மாவின் உடல் உபாதையை டாக்டரிடம் சொல்வதும் இதே ரகம்தான். ஆஸ்திரேலியாவில் 1973 லேயே தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை வந்துவிட்டது, இப்போது 131 450 என்ற எண்ணில் நாள் முழுக்க. வேறு பல நாடுகளிலும் மருத்துவமனையோ ஹெல்ப்லைனோ தன் செலவிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும். உங்கள் மொழியின் பெயரையும் "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தையும் அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டால், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நம் மொழிக்காரர்களின் சங்கமும் வாட்ஸ்அப் குழுவும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவை இல்லாமல் முதல் மாதத்தைக் கடப்பது கடினம்தான். வாடகைக்கு எங்கே பார்ப்பது, எந்த அலுவலகத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவு, இதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டை இவர்கள் செய்கிற வேகத்தில் எந்த அரசு அலுவலகமும் செய்யாது. ஆனால் ஒரே குழுவுக்குள் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தகவல்தான் தெரியும். 1973 இல் மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் வேலை தேடியவர்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: புதுத் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வந்தது. பிள்ளையின் பள்ளி வாசலில் தினம் தலையாட்டும் இன்னொரு பெற்றோர், மருந்துக் கடைக்காரர், மாடிப்படி பெருக்க வருகிறவர், இவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவைப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை.

குழுவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கணவன் அடிக்கிறான் என்று சங்கத்து அக்காவிடம் சொன்னால் மறுநாள் அது சங்கத் தலைவர் காதில் இருக்கும், அடுத்த நாள் "குடும்பம்னா அப்படித்தாம்மா, அனுசரிச்சுப் போ" என்று சமாதானப் படலம் ஆரம்பிக்கும். குடும்ப வன்முறை, மனநோய், கடன், கருக்கலைப்பு மாதிரி விஷயங்களுக்கு நம்மைத் தெரியாதவர்களிடம் போவதே பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். கணவரின் விசாவில் வந்தவர்களுக்கு வரும் மிரட்டலும் தெரிந்ததுதான், "புகார் கொடுத்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்கிலும் வன்முறைக்கு ஆளான துணைகளுக்கு ஏதோ ஒரு வடிவத்தில் தனி விதி இருக்கிறது. உதாரணமாக அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவரின் துணை, அவர் உதவி இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம். எல்லா விசாவுக்கும் அது பொருந்தாது, அதனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்கவேண்டும், மிரட்டுகிறவரிடமே சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

கடைசித் தடை காகிதம். சேவை கேட்டால் விலாசச் சான்று, விலாசச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்கு வேலைக் கடிதம் என்று ஒன்று இன்னொன்றின் பின்னால் ஓடும். சில சேவைகள் குறிப்பிட்ட வார்டு அல்லது மாவட்டத்துக்கு மட்டும் என்று எல்லை போட்டிருக்கும், தெருவின் ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே. இங்கே "இல்லை" என்ற முதல் பதிலோடு திரும்பிவிடுவதுதான் பெரிய நஷ்டம். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "சான்று இல்லாமல் நீங்கள் எதுவரை செய்ய முடியும்? இதற்குப் பதிலாக வேறு எந்தக் காகிதத்தை ஏற்றுக்கொள்வீர்கள்?" தங்கியிருக்கும் விடுதியோ முதலாளியோ கொடுக்கும் கடிதம் சில இடங்களில் எடுபடும். காத்திருப்புப் பட்டியல் என்றால் பெயரை உடனே போட்டுவிட்டு, அந்த இடைவெளியில் யார் பார்ப்பார்கள் என்று அவர்களிடமே கேட்டுவாங்குங்கள்.

அப்புறம் அந்த முதல் போன். நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல் ஒரு சாதாரண மத்தியானத்தில், அவசர எண்ணுக்கு இல்லை, வழி சொல்லும் எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய முன்னுரை வேண்டாம். "நான் இந்த ஊருக்குப் புதிது. இந்தப் பகுதியில் இருக்கிறேன். இப்போதைக்கு அவசரம் எதுவும் இல்லை. ராத்திரியில் மனநல உதவி வேண்டுமென்றால் எங்கே போகவேண்டும், வீடு இழந்தால் யாரைப் பார்க்கவேண்டும், என் மொழி பேசுகிறவர் யாராவது இருக்கிறாரா?" இவ்வளவு போதும். எங்களிடம் இல்லை என்று சொன்னால், யாரிடம் இருக்கிறது, நேரடி எண் என்ன, நீங்களே இணைத்துவிட முடியுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வையுங்கள். சில இடங்களில் "லைனில் இருங்க" என்று சொல்லி, மறுமுனையில் ஆள் வரும்வரை கூடவே இருப்பார்கள், நீங்கள் முழுக் கதையையும் மறுபடி சொல்லவேண்டியிருக்காது. கிடைத்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோகும், சில நேரம் பிடுங்கியும் வைத்துக்கொள்வார்கள்.